கோட்டுக்கு ஒரு குடவோலை

குடை பிடித்து நடப்பவருக்கு மழைக்கோட்டின் அவசியம் எளிதில் விளங்குவதில்லை. ஒரு கையில் குடையும் மறு கையில் வேஷ்டித் தலைப்புமாகத் தெருவோரம் ஒதுங்கி நடக்க அவகாசம் உள்ளவருக்குக் குடையே போதும். அதைப் போன்ற எளிய, மலிவான சாதனம் வேறில்லை. ஆனால் சைக்கிளில் போகிறவர், பால் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புகிறவர், வயலில் இரண்டு கைகளாலும் வேலை செய்கிறவர் ஆகியோருக்குக் குடையால் என்ன பிரயோஜனம்? அவர்களுக்கு வேண்டியது உடம்போடு ஒட்டி வருகிற கூரை. அதற்குத்தான் மழைக்கோட்டு என்று பெயர்.

நம் ஜனங்களுக்குக் கோட்டு என்றாலே கல்யாண மாப்பிள்ளையும், வக்கீலும், ரயிலில் டிக்கெட் கேட்கிறவரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அது கௌரவத்துக்காகப் போட்டுக்கொள்ளும் வஸ்து என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆகவேதான், தீபாவளித் துணிக்கு நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பங்கள், மழைக்கோட்டை மட்டும் பஸ் நிலையத்தில், மழை தூறத் தொடங்கிய பிறகு, விலை ஒன்றை மட்டும் கேட்டு வாங்குகின்றன. இந்த விஷயத்தில் இன்னும் சற்று யோசனை வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

"உத்திரமேரூரில் குளிரா?" என்று உதகமண்டலத்து நேயர்கள் சிரிக்கலாம். மார்கழி விடியலில் இங்கே உஷ்ணம் 20 டிகிரி செல்ஷியஸ் அளவுக்குத்தான் இறங்கும். மலைநாட்டாருக்கு அது வசந்த காலம். ஆனால் நனைந்த உடம்புக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அசையாத காற்றைக் காட்டிலும் தண்ணீர் சுமார் 24 மடங்கு அதிகமாக உஷ்ணத்தைக் கடத்தும். ஈரத் துணி உடம்பில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் ஏரிக்காற்றும் வீசினால், உடம்பின் சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் வெளியேறிக்கொண்டே இருக்கும். நாலைந்து மைல் சைக்கிள் மிதித்து வந்து, அந்த ஈரத்தோடு மாலை வரை பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு உத்திரமேரூரும் உதகமண்டலந்தான்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து சேருகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது எங்கள் காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய மழைக்கு ஏற்ற கோட்டு வீட்டுக் கூரை ஒன்றுதான். கலெக்டரும் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிடுவார். நாம் பேசுவது அந்த மழையைப் பற்றி அல்ல. விடுமுறை விடாத மழை, விட்டுவிட்டுப் பெய்கிற சாதாரண மழை, அதுதான் குழந்தைகளைத் தொந்தரவு செய்கிறது.

நாம் உபாத்தியாயர். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவது நமது தொழில். ஐப்பசி பிறந்ததும் வருகைப் பதிவேட்டில் வெற்றிடங்கள் பெருகத் தொடங்கும். இன்னார் வீட்டில் கோட்டு உண்டு, இன்னார் வீட்டில் இல்லை என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மலைப் பிரதேசப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கொடுக்க அரசாங்கம் திட்டம் வகுத்தது. சமவெளிப் பிள்ளைகளின் கோட்டு அவரவர் பெற்றோர் பொறுப்பு. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. மிகவும் நல்ல காரியம். ஆனால் சைக்கிள் வந்ததும் குடை பயனற்றுப் போய்விட்டது. ஒரு கையால் குடையும் ஒரு கையால் கைப்பிடியும் பிடித்துக்கொண்டு, கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையில் வருவது பிராணாபத்தான வித்தை.

சில வருஷங்களுக்கு முன் பதினோராம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். ஏரிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். தகப்பனார் விவசாயக் கூலி. கணக்கில் கெட்டிக்காரி. அந்த ஐப்பசியில் அவளுடைய தகப்பனார் 100 ரூபாய் கொடுத்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு வாங்கித் தந்தார். மூன்றாம் நாள் அது வேலிக்கருவை முள்ளில் மாட்டித் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. மறுநாள் அவள் யூரியாச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தாள். சாக்கின் அடியில் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால், குல்லாய் வைத்த மேலங்கி தயார். எங்கள் பக்கத்துப் பெண்கள் நாற்று நடுவதும் களை பறிப்பதும் அதைப் போட்டுக்கொண்டுதான். சாதனம் என்ற முறையில் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப் பெயர் கிடைத்தது. அதற்கடுத்த நாள் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே வெற்றிடம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஒரு வாரம் கழித்து அவள் தகப்பனாரைப் பார்த்துப் பேசினோம். தை பிறக்கும் வரை பெண் வீட்டில் இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். தை வரை வீட்டில் இருக்கிற பெண் தைக்குப் பிறகும் வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்பது உபாத்தியாயர்கள் அறிந்த விஷயம். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டு வாங்கித் தருகிறோம் என்றோம். அந்த மனிதர் தலையை அசைத்தார்.

"இனாமா வாணாங்க சார். எத்தினி ரூபா ஆனாலும் மாசா மாசம் குடுத்துடறேன். ஆனா ஒண்ணு, பாதியில கிழிஞ்சிடக் கூடாது."

இந்த ஒரு நிபந்தனைதான் நம்மை யோசிக்க வைத்தது. நமக்காக ஒரு கோட்டு வாங்குவது வேறு. கூலி வேலை செய்கிறவர் மாதந்தோறும் தவணை கொடுக்கப் போகிற கோட்டைத் தேர்ந்தெடுப்பது வேறு.

தேர்ந்தெடுப்பது என்றால் எங்கள் ஊருக்கு அதில் ஒரு பழைய கீர்த்தி உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, இன்றும் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த விதம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வாரியத்துக்கு மாத்திரம் 6 பேர். கால் வேலிக்கு மேல் நிலமும், வேதப் படிப்பும், சொந்த மனையில் வீடும் இல்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகாது. இந்தப் பெண்ணின் முன்னோர்களுக்கு அங்கே இடம் இருந்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுத்தது கடைசியில்தான். அதற்கு முன்னால் யார் யார் தகுதியுள்ளவர், யார் யார் தகுதியற்றவர் என்று கண்டிப்பாக வடிகட்டிவிட்டார்கள். கோட்டு விஷயத்தில் நாமும் அப்படியே செய்தோம்.

முதல் அபேட்சகர் கம்பளி. இது நம் நாட்டு ஆயர்களின் பழைய மழைக்கோட்டு. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒருவகைக் கொழுப்பு உண்டு. அதனால் தூறல் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் ஈரத்தை உறிஞ்சிய பிறகும் உடம்புக்கு ஈரமாகத் தோன்றாது, கதகதப்பும் போகாது. பருத்திக்கு இந்தக் குணம் கிடையாது. ஆனால் பெருமழையில் கம்பளி கனத்துவிடும். காய இரண்டு நாள் ஆகும். குளிருக்கு அது நல்ல தோழன். அடைமழைக்கு அது மட்டும் போதாது.

இரண்டாவது ரப்பர் துணி. 1823-ல் கிளாஸ்கோ நகரத்து ரசாயன நிபுணர் சார்லஸ் மாக்கிண்டாஷ், தாரிலிருந்து கிடைக்கும் ஒரு தைலத்தில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டினார். நீர் புகாத துணி பிறந்தது. ஆனால் அந்தக் கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, பனியில் விறைத்தது. போதாக்குறைக்குத் தையற்காரர் ஊசி குத்திய துவாரங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் அசையாது என்று கண்டார். அதன் பிறகுதான் ரப்பர் கோட்டு உலகத்துக்கு உதவுகிற வஸ்துவாயிற்று.

நம் தேசத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்காவில் விஞ்ஞானம் படித்துத் திரும்பிய சுரேந்திர மோகன் போஸ் என்ற வங்காளி, 1920-ல் கல்கத்தாவில் பெங்கால் வாட்டர்ப்ரூஃப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் காந்திஜி ஒத்துழையாமை இயக்கத்தை ஆரம்பித்தார். தேசமெல்லாம் கதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மழைக்கு வேண்டிய துணியையும் நாமே செய்துகொள்ளலாம் என்று இந்த மனிதர் காட்டினார். அவருடைய சரக்குக்கு 'டக்பேக்' என்று பெயர். வாத்தின் முதுகு என்று அர்த்தம்; அதில் தண்ணீர் ஒட்டாது அல்லவா? பல குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மழைக்கோட்டுக் கேட்டார்கள்.

மூன்றாவது, நெருக்கமாக நெய்த துணி. 1879-ல் இங்கிலாந்தில் தாமஸ் பர்பரி, நூலிலேயே நீர் ஒட்டாத பக்குவம் செய்து, பிறகு நெய்து, கபர்தீன் என்று பெயரிட்டார். காற்றோட்டம் உள்ள, நீடித்து உழைக்கிற துணி. ஆனால் அது அந்நாட்டுத் தூறலுக்கும் குளிர்காற்றுக்கும் ஏற்றது. எங்கள் கார்த்திகை மழை அரை மணியில் அதை ஊடுருவிவிடும்.

நாலாவது பிளாஸ்டிக். மெல்லிய ரகத்தின் கதையை மேலே சொன்னோம். கனத்த ரகம் ஓரளவு உழைக்கும். ஆனால் வெயிலில் காயப் போட்டுக் காயப் போட்டு அதன் மெதுத்தன்மை போய்விடும். மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும். நைலான் துணியின் உள்ளே மெல்லிய பூச்சுப் பூசிய ரகம் இலேசானது, மடித்துப் பையில் வைக்க உகந்தது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மட்டும் இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப் பூச்சுப் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும்.

ஐந்தாவது அபேட்சகர் மிகப் பெரிய மனிதர். தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அந்த டெஃப்ளானை 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் வேகமாக இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைந்த மெல்லிய சவ்வாக்கினார். நீர்த்துளி அதில் நுழையாது. வியர்வையின் ஆவி வெளியே போகும். இமயமலை ஏறுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் உள்ளே இருக்கும் ஆவி வெளியே போக வேண்டுமானால் வெளிக்காற்றில் அதற்கு இடம் இருக்க வேண்டும். எங்கள் மழைக்காலத்தில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. கொடுத்த விலைக்கு அந்தச் சவ்வு இங்கே வேலை செய்யாது. இமயமலையின் கோட்டை ஏரிக்கரைக்கு வாங்குவது, ரதத்தை வரப்பில் ஓட்டுகிற கதை.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு விஷயம் தெளிவாயிற்று. மழையைத் தடுப்பதும் குளிரைத் தடுப்பதும் இரண்டு வெவ்வேறு உத்தியோகங்கள். ஒரே கோட்டை இரண்டுக்கும் நியமித்தால், ஐப்பசிப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும்; வெளியே நனையாதவர் உள்ளே நனைந்து போவார். ஆகவே மழைக்கு மேலே ஒரு தொளதொளத்த கோட்டு. குளிர் நாட்களில் மாத்திரம் அதற்கு உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. எங்கள் பக்கத்துக்கு இதுவே சிலாக்கியம்.

இனி, கோட்டின் தகுதிகள். முதலில் தையலைப் பார்க்க வேண்டும். துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் தண்ணீர் நுழைவது ஊசித் துவாரத்தில்தான். கோட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தால், நல்ல கோட்டில் ஒவ்வொரு தையலின் மேலும் ஒரு பட்டை ஒட்டப்பட்டிருக்கும். பட்டை இல்லாத கோட்டுக்குத் தேர்தலில் நிற்கவே உரிமையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தோள் தையல் உள்ள இடத்தைக் குழித்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். அடியில் ஈரம் தட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, காற்றோட்டம். அக்குளில் துவாரங்களும், முதுகில் மேல்மடிப்பும் அதற்குள்ளே வலையும் இருக்க வேண்டும். மூன்றாவது, அளவு. உள்ளே கம்பளிச் சட்டையும், முதுகில் புத்தகப் பையும் அடங்க வேண்டும். ஆனால் சைக்கிள்காரருக்குக் கணுக்கால் வரை நீண்ட கோட்டு ஆகாது, சங்கிலியில் சிக்கும். முழங்கால் அளவில் நிற்பதே நலம். நாலாவது, வாய். ஜிப்பு பிளாஸ்டிக்கில் இருந்தால் துருப் பிடிக்காது. அதன் மேலே ஒரு மடிப்பும் அமுக்குப் பித்தான்களும் அவசியம். ஐந்தாவது, தலைக் குல்லாய். கழுத்தைத் திருப்பினால் அதுவும் கூடத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் லாரியைப் பார்க்கத் திரும்புகிறவருக்குக் குல்லாயின் உட்புறந்தான் தெரியும்.

கடைசியாக, நிறம். கறுப்பும் கருநீலமும் அழுக்குத் தெரியாது என்று நம் வீடுகளில் வாங்குகிறார்கள். அழுக்கு மட்டுமா தெரியாது? மழை இருட்டில் ஆளும் தெரியாது. மஞ்சளோ ஆரஞ்சோதான் உத்தமம். முதுகில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டை ஒன்று இருந்தால் இன்னும் விசேஷம்.

இந்தத் தகுதிகளெல்லாம் பார்த்து, துணியின் உட்புறம் ரப்பர் பூசிய ஒரு மஞ்சள் கோட்டு வாங்கினோம். சற்றுக் கனந்தான், ஆனால் முள்ளுக்கு எளிதில் கிழியாது, கிழிந்தாலும் ஒட்டுப் போடலாம். விலை 1200 ரூபாய். நாலு பேர் அப்போதைக்குக் கொடுத்தோம். தகப்பனார் மாதம் 200 ரூபாயாக 6 மாதத்தில் தீர்த்தார். ஒரு மாதங்கூடத் தவறவில்லை. பெண் மறுநாளே வகுப்புக்கு வந்துவிட்டாள். "வேர்க்குது சார்" என்று ஒரு தடவை சொன்னாள். அக்குள் துவாரங்களின் மூடியைத் திறந்துவிட்ட பிறகு அந்தப் புகாரும் இல்லை.

கணக்குப் பார்க்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. மெல்லிய கோட்டு ஒரு மழைக்காலத்துக்கு மூன்று வேண்டும்; அதாவது 300 ரூபாய். மஞ்சள் கோட்டு இப்போது ஆறாவது மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. மெல்லிய கோட்டாக வாங்கியிருந்தால் 1800 ரூபாய் ஆகியிருக்கும். கிழிந்து கிடந்த நாட்களில் போன பாடத்துக்கு விலை போடவில்லை. முதல் இரண்டு வருஷம் அவள் அதைப் போட்டுக்கொண்டு பிளஸ் டூ முடித்தாள். அடுத்த மூன்று வருஷம் காஞ்சீபுரத்தில் கல்லூரிக்குப் பஸ் ஏறப் போகும்போது அதுவே துணை. இப்போது அவள் தம்பியின் முறை.

நடுவில் ஒரு தடவை தோளில் இரண்டங்குலம் கிழிந்தது. அதைச் சரி செய்தவர் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, ட்யூப் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். தைலத்தில் கரைத்த ரப்பர்தானே அந்தச் சொல்யூஷன்? மாக்கிண்டாஷ் கிளாஸ்கோவில் செய்ததும் அதைத்தான். ரப்பர் துணியைத் தேர்ந்தெடுத்ததில் இதுவும் ஒரு லாபம். கெட்டுப்போனால் சரிசெய்யத் தெரிந்தவர் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார். நீடித்து உழைப்பது என்பதில் பாதி, நம் ஊரில் பழுது பார்க்க முடிவதுதான்.

மற்றப் பாதி வீட்டார் கையில் இருக்கிறது. நனைந்த கோட்டைச் சுருட்டி மூலையில் போடாமல், உள்ளும் புறமும் துடைத்து, நிழலில் தோள்கள் விரியும்படி தொங்கவிட வேண்டும். வெயிலும் அடுப்பு அனலும் ஆகா. சோப்புத் தூளில் ஊற வைப்பதும் ஆகாது. வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். தை பிறந்ததும் நன்றாகக் காய்ந்த பிறகு, மடிக்காமல் தொங்கவிட்டே வைத்தால் பூச்சு வெடிக்காது.

எங்கள் ஊர்க் கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. கோட்டுக்கும் அந்த விதியைப் பிரயோகிக்கலாம். புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலுள்ள கோட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துத் தையல், பித்தான், குல்லாய் எல்லாவற்றையும் பார்த்துக் கணக்குக் கேளுங்கள். தேறியது தேறட்டும், ஒட்டுப் போட வேண்டியதைச் சைக்கிள் கடைக்கு அனுப்புங்கள். குழந்தைக்குச் சின்னதாகிவிட்ட நல்ல கோட்டு ஒன்று வீட்டில் கிடந்தால், பக்கத்துப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் யாரிடமாவது ஒப்புவியுங்கள். அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பதிவேடு அவரிடம் இருக்கிறது.